கல் வீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு என்று சிவக்குமார் மலையேறக் கிளம்பினான். பெண் பார்க்கப் போகிறவன் வேறு எப்படிப் போவான் என்பது அவன் அம்மா சௌந்திரத்தின் கட்சி. அவனும் மறுக்கவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் சொந்தமாக ஒரு ரிக் வண்டி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போர்வெல் போட்டுத் தருகிறவன் அவன். வயது முப்பத்து மூன்று. அந்த வட்டாரத்தில் அந்த வயது ஆணுக்குப் பெண் கிடைப்பதைக் காட்டிலும் வெறும் பாறையில் தண்ணீர் கிடைப்பது சுலபம். பாறையிலாவது ஆயிரம் அடி போனால் ஈரம் தட்டும்.

இதுவரை ஏழு வீட்டில் போய் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டாயிற்று. ஒரு வீட்டில் ஐ.டி. மாப்பிள்ளைதான் வேண்டும் என்றார்கள். ஒரு வீட்டில் ரிக் வண்டிக்காரன் மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் கிடப்பான் என்றார்கள். இன்னொரு வீட்டில் எல்லாம் பேசி முடித்து, தேதி குறிக்கும்போது பெண் ஹைதராபாத்தில் இருந்து ஒருவனோடு வந்து இறங்கினாள். சிவக்குமார் அந்தப் பெண்ணைக் கோபிக்கவில்லை. அவள் வீட்டு பஜ்ஜிதான் ஏழிலும் நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்வான்.

எட்டாவது கிருத்திகா. பரமத்திக்காரி. கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் வேலை. போர்வெல்லுக்கும் பம்புக்கும் ஜாதகம் வேறு பார்க்க வேண்டுமா என்று தரகர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஜாதகமும் பொருந்தியது. முதலில் இரண்டு பேரும் போனில் பேசிப் பார்க்கட்டும் என்று பெரியவர்கள் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள்.

முதல் நாள் போனில் அவள் கேட்ட முதல் கேள்வி, உங்களுக்குத் தேடுவது பிடிக்குமா என்பது. எட்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று இவன் சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், அது அடங்கவே வெகு நேரம் ஆனது. போனைக் காதில் வைத்தபடி சிவக்குமார் ரிக் வண்டியின் ஏணியில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கே அவன் கதை முடிந்துவிட்டது. அவளுக்கும் அப்படியா என்பதுதான் தெரியவில்லை.

அவள் சொன்ன தேடல் வேறு. ஜியோகேச்சிங் என்று அதற்குப் பெயராம். உலகம் முழுக்க ஆட்கள் சின்னச் சின்னப் பெட்டிகளை எங்காவது ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒரு செயலியில் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சீட்டில் பெயர் எழுதி, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இன்னொரு பொருளை வைத்துவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே திரும்ப ஒளித்துவிட்டு வரவேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. கண்டுபிடித்த சந்தோஷம்தான் பரிசு. சௌந்திரத்திடம் இதைச் சொன்னபோது, படித்த பிள்ளைகளுக்கு வேலை அதிகமாகிவிட்டால் இப்படியெல்லாம் ஆகும் என்று பரிதாபப்பட்டாள்.

கிருத்திகா முதன்முதலில் ஒளித்துவைத்த பெட்டி நாச்சிக்கரட்டுக் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. சங்ககிரியில் இருந்து எடப்பாடி போகிற வழியில் ஒதுங்கி நிற்கிற கரடு அது. மேலே பாளையக்காரர் காலத்துக் கோட்டை. கொஞ்ச நாளாக அந்தப் பெட்டியைத் தேடிப் போனவர்கள் எல்லாம் காணவில்லை, காணவில்லை என்று செயலியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை நேரில் போய்ப் பார்க்க வேண்டும், பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பதிலாக நாம் அங்கேயே பார்த்துக்கொள்ளலாமே என்றாள். கடைசியில் அவள் சொன்னது இது.

"மலைய உட்டு எறங்கறப்ப என்ற முடிவச் சொல்லீர்றனுங்க."

இதைச் சிவக்குமாரும் அவன் அம்மாவும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். ஆராய்ச்சியின் முடிவு: பெட்டி கிடைத்தால் பெண் கிடைக்கும், பெட்டி கிடைக்காவிட்டால் இல்லை. அவள் அப்படிச் சொல்லவே இல்லை என்பது இருவருக்கும் தோன்றவில்லை. ஏழு முறை அடிபட்டவர்களுக்கு எட்டாவது முறை எல்லாமே சகுனம்தான். சௌந்திரம் செங்கோட்டு வேலவருக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள்.

ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் இதமாக அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கரட்டின் அடிவாரத்தில் தன் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டுச் சிவக்குமார் இறங்கினான். கிருத்திகா முன்னாலேயே வந்து வேகவைத்த சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தாள். நீலச் சுடிதார், துப்பட்டா, காலில் ஷூ, தலையில் தொப்பி. அவனை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள். கல்யாணம் இன்றைக்கே என்று யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்றாள். சிவக்குமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அசடு வழிந்தான். அவள் இன்னொரு கதிரை அவனுக்கு நீட்டினாள்.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை அந்தக் கோட்டைக்கு ஆடுகள் மட்டும்தான் போய்வந்துகொண்டிருந்தன. அப்புறம் புதரை வெட்டினார்கள், சரிந்த மதிலை எடுத்துக் கட்டினார்கள், சுண்ணாம்பில் கருப்பட்டியும் கடுக்காயும் கலந்து அரைத்துப் பூசினார்கள், படிக்குக் கம்பி போட்டார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டம் தாங்கவில்லை. பட்டுப்பாவாடை கட்டிய குழந்தைகள் பீரங்கி மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. எடப்பாடித் தறிக்காரர் குடும்பம் ஒன்று கொத்தளத்து நிழலில் உட்கார்ந்து தூக்குப் போசியைத் திறந்து புளிசாதம் பரிமாறிக்கொண்டிருந்தது. புதுப் பூச்சு வெயிலில் தந்தம் மாதிரி மினுங்கியது. பார்க்கவே மனதுக்கு நிறைவாக இருந்தது.

பெட்டி கோட்டைக்கு உள்ளே இல்லை. பழைய சின்னங்களில் கைவைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் சட்டம். மதிலுக்கு வெளியே, தெற்குச் சரிவில், ஒரு சுனைக்குப் பக்கத்தில் இருந்தது. கிருத்திகா போனை அவன் கையில் கொடுத்து, நீங்களே கண்டுபிடியுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். திரையில் ஒரு அம்புக்குறி ஓடியது. சிவக்குமார் அதன் பின்னால் ஓடினான். வழியெல்லாம் அவள் அவனைப் பேசவைத்தாள். ராத்திரி முழுக்கப் புழுதி பறந்துகொண்டிருந்த குழியில் திடீரென்று தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் அந்த நேரத்தில் தோட்டத்துக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். சில பேர் அழுவார்கள், சில பேர் சட்டையோடு அதில் நின்று குளிப்பார்கள் என்றான். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்றாள். மோட்டார் இறக்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன், இல்லாவிட்டால் எனக்கும் அழுகை வந்துவிடும் என்றான். சொன்ன பிறகு, இதைப் போய் ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சுனையைத் தாண்டியதும் அம்புக்குறி ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்தது. இதுதான் பாயிண்ட் என்று தொழில் பழக்கத்தில் அறிவித்துவிட்டுச் சிவக்குமார் நிமிர்ந்தான். பின்னால் வந்த கிருத்திகா அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே ஒரு ஊரே இருந்தது. கல்மேல் கல் அடுக்கிய குட்டி வீடுகள். மூன்று கல் வீடு, ஐந்து கல் வீடு, மாடி வைத்த வீடு, திண்டு வைத்த வீடு என்று சரிவு முழுக்க நிறைந்து கிடந்தது. சொந்த வீடு வேண்டும் என்று நினைப்பவர்கள் மலைக்கோயிலுக்குப் போனால் இப்படி ஒரு கல் வீடு கட்டிவிட்டு வருவது எங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் நாச்சிக்கரட்டில் கோயிலே கிடையாது. இங்கே யார் ஆரம்பித்திருப்பார்கள் என்று சிவக்குமார் வியந்தான்.

கிருத்திகா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். ஆரம்பித்தது நான்தான் என்றாள். ஒரு பாறைப் பலகையின் அடியில் இருந்த பொந்தில் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, அடையாளத்துக்காக அந்தப் பலகை மேல் மூன்று கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருக்கிறாள். அவ்வளவுதான். கோட்டையைச் சீர்செய்து திறந்ததும் வந்த கூட்டத்தில் யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள். ஓகோ, இது வேண்டுதல் நடக்கிற இடம் போலிருக்கிறது என்று பக்கத்தில் தங்கள் கல்லையும் வைத்திருக்கிறார்கள். ஒருவர் வைத்தால் போதாதா நம் ஊரில். ஒரு பம்பு கம்பெனி இஞ்சினியர் தனக்கே தெரியாமல் ஒரு புண்ணியத் தலத்தை உண்டாக்கிவிட்டாள்.

அவளுடைய மூன்று கல் இருந்த பலகையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. இருப்பதிலேயே பெரிய வீடு அதன் மேல்தான் நின்றது. சுற்றி வேலிக்கல் நட்டு, தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என்று வரிசை பிசகாமல் ஏற்றி, உச்சியில் மொட்டைமாடிக்குத் தட்டையான கல் போட்டு, பக்கவாட்டில் கார் நிறுத்தும் கொட்டகைகூட வைத்திருந்தது. கட்டியவர் ஒரே நாளில் கட்டவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. மழையில் மண் அரித்துப் பலகை ஒரு பக்கம் அமுங்கி, பொந்தின் வாய் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. சிவக்குமார் வேட்டியோடு குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான். உள்ளே பச்சைப் பெட்டி தெரிந்தது. கையை விட்டால் மணிக்கட்டோடு நின்றது.

வீட்டைப் பிரித்துக் கல்லை இறக்கினால் பலகையைப் புரட்டிவிடலாம். கிருத்திகா உச்சிக் கல்லின் மேல் கையை வைத்தாள். வைத்த கையை அப்படியே எடுத்துக்கொண்டாள். தனக்கு இதில் எல்லாம் துளி நம்பிக்கை இல்லை என்றாள். சற்றுப் பொறுத்து, ஆனால் கட்டினவர்களுக்கு இருக்குமே என்றாள். பெட்டி போனால் போகட்டும், வாங்க போகலாம் என்று தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

அவள் கையை எடுத்துக்கொண்ட அந்த ஒரு நொடியில் அவள்மேல் சிவக்குமாருக்கு இருந்த ஆசை இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அதே நொடியில் அந்தப் பெட்டியும் கைவிட்டுப் போகிறது. பெட்டி போனால் பெண்ணும் போனாள் என்பதுதானே அவன் கணக்கு. இன்னொருத்தர் வீட்டை இடித்துத் தன் வீட்டைக் கட்டவும் மனசு வரவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். திடீரென்று முகம் மலர்ந்தது.

"செத்த இருங்க. வண்டீல ஜாக்கி இருக்குதுங்க. ஊட்ட அப்படியே தூக்கீர்லாம்."

கிருத்திகா ஏதாவது சொல்வதற்குள் அவன் படியில் பாதி தூரம் இறங்கிவிட்டான். திரும்பி வரும்போது ஒரு கையில் பிக்கப் வண்டியைத் தூக்குகிற பாட்டில் ஜாக்கி, மறு கையில் இரும்புக் கம்பி. வேட்டியில் கிரீஸ் கறை. நுழைவாயில் காவல்காரர் அவனை நிறுத்தி, கோட்டைக்கு வண்டியே ஏறாதே, ஜாக்கி எதற்கு என்று விசாரித்தார். சிவக்குமார் உண்மையைச் சொன்னான். ஒரு வீட்டைத் தூக்க வேண்டியிருக்கிறது என்றான். காவல்காரர் அவன் வாயை மோந்து பார்த்துவிட்டு, மதிலுக்கு வெளிப்பக்கமாகப் போ என்று அனுப்பிவைத்தார்.

மூச்சு வாங்க அவன் வந்து நின்ற கோலத்தைப் பார்த்துக் கிருத்திகாவுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் வேலையில் இறங்கியதும் சிரிப்பை மறந்துவிட்டாள். பலகையை ஒரு பக்கம் தூக்கினால் வீடு மறுபக்கம் சாயும், எனவே வீட்டைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்றாள். துப்பட்டாவை எடுத்து வீட்டைச் சுற்றி இறுக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தாள். மண்டிபோட்டு இரண்டு கையாலும் மாடியை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். சிவக்குமார் குப்புறப் படுத்து, அமுங்கிய பக்கத்தில் சரிவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த ஓரத்துக்கு அடியில் ஜாக்கியைப் பொருத்தி, கம்பியைக் கையாலேயே மெதுவாக அழுத்தினான். பலகை முனகியது. ஒரு விரல் உயர்ந்தது. இன்னொரு விரல். மேலே கற்கள் கிறுகிறுவென்று நகர்ந்தன. கிருத்திகா மூச்சைப் பிடித்துக்கொண்டு, போதும் போதும் என்றாள். அவன் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டான்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, என்ற ஊட்டுக்கு அடியில என்னுங்க பண்றீங்க?"

சுங்குடிச் சேலை கட்டிய ஒரு நடுவயதுக்காரி. முந்தானையில் ஏதோ கனமாக முடிந்திருந்தாள். பின்னால் அவள் புருஷன் தண்ணீர் பாட்டிலோடு நின்றான். அவளுக்கு ஆத்தாயி என்று பெயர். அவன் சின்னுசாமி. ஆட்டையாம்பட்டியில் தறிப்பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள், குடியிருப்பது வாடகை வீடு. மாதம் ஒரு ஞாயிறு இங்கே வந்து, வீட்டில் ஒரு வரிசை கல் ஏற்றிவிட்டுப் போவார்களாம். இதெல்லாம் அப்புறம் தெரிந்தது. அப்போது ஆத்தாயிக்குத் தெரிந்தது என்னவென்றால், வெள்ளை வேட்டிக்காரன் ஒருவன் தன் வீட்டுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டு கிடக்கிறான், பக்கத்தில் ஒருத்தி தன் மூன்று மாடியையும் துணியால் கட்டிவைத்திருக்கிறாள் என்பதுதான். பொழுதுபோக்க வந்த யாருக்கும் இப்படி ஒரு காட்சி வாய்க்காது.

சிவக்குமாரால் எழவும் முடியவில்லை, கையை உருவவும் முடியவில்லை. பாறையோடு பேசுகிறவன் மாதிரி தலையைத் திருப்பாமலே மன்னிப்புக் கேட்டான். கிருத்திகா வீட்டை விடாமல் பிடித்துக்கொண்டே ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, பொந்து, மூன்று கல், பிரிக்க மனசு வராதது, ஜாக்கி. அந்த முதல் மூன்று கல் வேண்டுதலே இல்லை, வெறும் அடையாளம்தான் என்பதையும் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உள்ளே போய்விட்டது.

ஆத்தாயி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கிருத்திகாவின் எதிரில் மண்டிபோட்டு, வீட்டின் மறுபக்கத்தை அணைத்துப் பிடித்தாள். அப்புறம் சொன்னாள்.

"யாரு வெச்சா என்னங் கண்ணு. ரெண்டாவது மாடி ஏத்துன மாசந்தான் எங்களுக்கு மனை அமஞ்சுது. நீங்க பாட்டுக்குப் பெட்டிய எடுங்க, ஊட்ட நாம் புடிச்சுக்கறேன்."

சின்னுசாமி ஓடிவந்து, தூக்கிய இடைவெளியில் ஒரு சப்பைக் கல்லை முட்டுக் கொடுத்தான். சிவக்குமார் கையை இன்னும் உள்ளே விட்டான். விரல் பெட்டியின் மூடியில் பட்டது, நழுவியது, மறுபடி பட்டது. இழுத்தான். மண்ணும் இலையும் ஒட்டிய பச்சைப் பெட்டி வெளியே வந்து வெயிலில் விழுந்தது. நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எதற்கு என்று கேட்டால் நாலு பேருக்கும் தெரியாது. சிவக்குமாருக்கு நெஞ்செல்லாம் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

பெட்டி கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் தலை சுற்றினாலும், மீதி வேலையையும் தொழில்காரன் மாதிரி ஒழுங்காகவே செய்தான். முட்டுக் கல்லை எடுக்கச் சொன்னான். ஜாக்கியின் திருகை முடி அளவு முடி அளவாகத் தளர்த்தி, பலகையைக் கீழே இறக்க ஆரம்பித்தான். அவசரப்பட்டால் மூன்று மாடியும் போகும். ஆத்தாயிக்கு வீட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது போலிருக்கிறது. இல்லாவிட்டால் அந்த நேரம் பார்த்துக் கேட்டிருக்க மாட்டாள்.

"இவரு உங்க ஊட்டுக்காரருங்களா கண்ணு?"

சிவக்குமாரின் கை திருகிலேயே நின்றுவிட்டது. குப்புறக் கிடந்த அவனுக்குக் கிருத்திகாவின் முகம் தெரியவில்லை. ஷூவின் நுனி மட்டும்தான் தெரிந்தது. ஷூ அசையவில்லை. சுனைப் பக்கம் யாரோ பிள்ளையைக் கூப்பிடுவது கேட்டது. பெட்டி கிடைத்தும் தன் காது இப்படி அடைக்கிறதே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பெட்டிக்கும் அவள் முடிவுக்கும் சம்பந்தமே இல்லை என்பது எட்டாவது பெண்ணின் ஷூவுக்கு முன்னால் குப்புறக் கிடக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"இன்னும் ஆகலீங்க," என்றாள் கிருத்திகா. "தையிலதானுங்க ஆவாரு."

திருகு முழுக்கச் சுழன்றுவிட்டது. பலகை தொப்பென்று இறங்கியது. வேலிக்கல் சிதறியது, கார்க் கொட்டகை கவிழ்ந்தது, மூன்று மாடியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, இரண்டு பெண்களின் நான்கு கைகளுக்குள் தள்ளாடி நிமிர்ந்தது. வீடு நின்றது.

சிவக்குமார் எழுந்து உட்கார்ந்தான். முகம், மார்பு, வேட்டி எல்லாம் செம்மண். கிருத்திகாவைப் பார்த்தான். அவள் துப்பட்டாவின் முடிச்சை அவிழ்ப்பதிலேயே கண்ணாக இருந்தாள், காது மட்டும் சிவந்திருந்தது. ஏதாவது பேச வேண்டும் என்று வாயைத் திறந்தவன், போர்வெல்லுக்கு எத்தனை குதிரைத்திறன் மோட்டார் சரியாக இருக்கும் என்று சின்னுசாமியிடம் சொல்ல ஆரம்பித்தான். பாதியிலேயே குரல் உடைந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்து, இருந்த செம்மண்ணையும் கண்ணில் அப்பிக்கொண்டான். கிருத்திகா நிமிர்ந்து அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆத்தாயி கவிழ்ந்த கார்க் கொட்டகையைத் தூக்கி நிறுத்தினாள். அப்புறம் சிவக்குமார் பக்கத்தில் கிடந்த ஜாக்கியை எடுத்துத் தன் புருஷன் கையில் கொடுத்தாள்.

"தை வரைக்கும் இவரு கையில இதக் குடுக்காதீங் கண்ணு," என்றாள் கிருத்திகாவிடம். "ஊடு தாங்காது."